இளைஞரின் எதிர்காலம்: மனப்பான்மையும் குடும்ப ஆதரவும்

நாட்டின் வளர்ச்சிக்கெனத் தீட்டப்படும் திட்டங்களில் பள்ளிக் கட்டிடங்கள், சாலைகள், உதவித் தொகைகள், தொழிற்பயிற்சி நிலையங்கள் ஆகியவற்றை எண்ணிக் கணக்கிட முடிகிறது. இவ்வசதிகளைப் பயன்படுத்திக் கொள்வதா வேண்டாமா என்னும் முடிவோ அரசு அலுவலகங்களில் எடுக்கப்படுவதில்லை. அது வீடுகளில் எடுக்கப்படுகிறது. எட்டாம் வகுப்பை முடித்த மகளை அடுத்த ஊரிலுள்ள உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பலாமா, பத்தாம் வகுப்பில் தவறிய மகனை மீண்டும் தேர்வு எழுதச் சொல்லலாமா அல்லது செங்கற்சூளைக்கு அனுப்பி விடலாமா, பயிற்சி முடித்த பெண்ணை வெளியூர் வேலைக்கு விடலாமா என்பன போன்ற வினாக்களுக்கு இலட்சக் கணக்கான குடும்பங்கள் ஆண்டுதோறும் விடை காண்கின்றன. அவ்விடைகளின் கூட்டுத் தொகையே நாட்டின் மனித வளம் எனலாம்.

இந்த முடிவுகளில் இரண்டு காரணங்கள் பெரும்பங்கு பெறுகின்றன. ஒன்று, தன்னால் இன்னது முடியும் என்று இளைஞர் கொண்டுள்ள மனப்பான்மை. மற்றொன்று, அந்த எண்ணத்திற்குக் குடும்பம் தரும் ஆதரவு. இவ்விரண்டும் எவ்வாறு உருவாகின்றன, எவ்வாறு மாறுகின்றன, மாற்றத்தில் அரசுக்கு என்ன பங்கு உண்டு என்பதை ஆராய்தல் பயனுடையது.

பதினான்கு வயதுக்குப் பின்

2009ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் இலவசக் கட்டாயக் கல்வியை உறுதி செய்கிறது. இதன் பயனாகத் தொடக்கப் பள்ளி வயதில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் பள்ளிப் பதிவேட்டில் இடம் பெற்றுள்ளனர். ஆயினும், சட்டத்தின் பிடி தளரும் வயதில்தான் குடும்பத்தின் முடிவு வலுப்பெறுகிறது.

பிரதம் என்னும் தொண்டு நிறுவனம் 2023ஆம் ஆண்டில் 26 மாநிலங்களைச் சேர்ந்த 28 மாவட்டங்களின் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரை உள்ளோரைப் பற்றி ஓர் ஆய்வு நடத்தியது. அவர்களில் 86.8 சதவிகிதத்தினர் ஏதேனும் ஒரு கல்வி நிலையத்தில் பயின்று வந்தனர். ஒட்டுமொத்தமாகப் பார்க்கையில் இது நம்பிக்கை தரும் எண்ணிக்கையே. ஆனால் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தால் நிலைமை வேறாகத் தோன்றுகிறது. 14 வயதினரில் கல்வி நிலையத்திற்கு வெளியே இருந்தோர் 3.9 சதவிகிதம் மட்டுமே. 18 வயதினரில் அது 32.6 சதவிகிதமாக உயர்ந்து விடுகிறது. இந்த நான்கு ஆண்டுகளே ஓர் இளைஞனின் அல்லது இளம் பெண்ணின் வாழ்க்கைப் பாதை பிரியும் சந்திப்பாகும். இந்தச் சந்திப்பில் பிள்ளையின் ஆர்வமும் பெற்றோரின் சம்மதமும் ஒன்றுசேர்ந்தால் படிப்பு தொடர்கிறது; ஒன்று குறைந்தாலும் அது பெரும்பாலும் தடைப்பட்டு விடுகிறது.

எதிர்பார்ப்பும் ஒரு செல்வமே

ஏழை இளைஞர்களிடம் முன்னேறும் ஆர்வம் இல்லை என்று சிலர் கூறுவதுண்டு. இக்கருத்தை ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. மானிடவியல் அறிஞர் அர்ஜுன் அப்பாதுரை 2004ஆம் ஆண்டு வெளியான ஒரு கட்டுரையில், எதிர்காலத்தைப் பற்றி எதிர்பார்ப்புக் கொள்வதும் ஒரு திறனே என்றும், அத்திறன் சமுதாயத்தில் சமமாகப் பங்கிடப்படவில்லை என்றும் எடுத்துரைத்தார். வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளை சிறு வயதிலிருந்தே பல வழிகளைக் காண்கிறான். ஒன்றில் தோற்றால் மற்றொன்றை முயல்கிறான். எந்தப் படிப்பு எந்த வேலைக்கு இட்டுச் செல்லும் என்பதை உறவினரின் பேச்சிலிருந்தே அறிந்து கொள்கிறான். வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு இத்தகைய பயிற்சி கிட்டுவதில்லை. அவனுக்கு ஆசை உண்டு. ஆசைக்கும் அதை அடையும் வழிக்கும் இடையிலுள்ள படிகள் மட்டும் தெரிவதில்லை.

பொருளாதார அறிஞர் தேவ்ராஜ் ராய் இதே கருத்தை மற்றொரு கோணத்தில் விளக்கியுள்ளார். மனிதர் தம்மைப் போன்ற நிலையிலுள்ளோரைப் பார்த்தே தம் எதிர்பார்ப்பை வகுத்துக் கொள்கின்றனர். அவர்கள் காணும் உயர்வு மிகச் சிறிதாக இருந்தால் முயற்சி எழுவதில்லை. எட்டவே முடியாத அளவு பெரிதாக இருந்தாலும் முயற்சி எழுவதில்லை. நிலமற்ற விவசாயத் தொழிலாளியின் மகளுக்கு மாவட்ட ஆட்சித் தலைவர் வியப்பிற்குரியவராகத் தோன்றலாம். ஆனால் அதே தெருவிலிருந்து செவிலியர் பயிற்சிக்குச் சென்று வேலை பெற்ற ஒரு பெண்ணே அவளுக்கு வழிகாட்டியாக அமைகிறாள்.

அண்மைக் காலத்தில், திறமை பிறவியிலேயே அமைந்து விடுவதில்லை, முயற்சியால் அதை வளர்க்கலாம் என்னும் நம்பிக்கையை மாணவரிடையே ஊட்ட வேண்டும் என்று அமெரிக்க உளவியல் அறிஞர் கரோல் டுவெக் வலியுறுத்தி வந்துள்ளார். இது பயனுள்ள கருத்தே. இருப்பினும் அதன் எல்லையையும் உணர வேண்டும். அந்நாட்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவர் சுமார் 12,000 பேரிடம் நடத்தப்பெற்று 2019ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், இவ்வகைப் பயிற்சி பின்தங்கிய மாணவரின் மதிப்பெண்ணைச் சிறிதளவே உயர்த்தியது. மேலும், உடன் பயிலும் மாணவர்களின் போக்கு அந்நம்பிக்கைக்கு இசைவாக இருந்த பள்ளிகளில்தான் பயன் நன்கு தென்பட்டது. ஆகவே தன்னம்பிக்கையைப் பற்றிய அறிவுரை மட்டும் போதாது. அந்நம்பிக்கை வேரூன்ற ஏற்ற நிலமும் வேண்டும். நம் நாட்டில் அந்நிலத்தின் பெரும்பகுதி குடும்பமே.

குடும்பத்தின் கணக்கு

மகளை மேற்கொண்டு படிக்க அனுப்பாத தந்தையை அறியாமையில் மூழ்கியவர் என்று ஒதுக்கி விடுவது எளிது. ஆனால் அவரது மறுப்பிற்குப் பின்னே பெரும்பாலும் ஒரு கணக்கு இருக்கிறது. பள்ளி தொலைவில் உள்ளது. வழியில் பாதுகாப்பு இல்லை. போக்குவரத்துச் செலவு உண்டு. அவள் வீட்டில் இருந்தால் தம்பி தங்கையரைக் கவனித்துக் கொள்வாள். தாய் கூலி வேலைக்குச் செல்ல முடியும். அதிகம் படித்த பெண்ணுக்கு அதற்கேற்ற மாப்பிள்ளை தேட வேண்டும். வரதட்சிணை கூடும் என்ற அச்சம் ஒருபுறம். திருமணமானபின் அவளது சம்பாத்தியம் வேறு குடும்பத்திற்குச் செல்லும் என்ற எண்ணம் மறுபுறம். முதுமையில் தம்மைக் காப்பவன் மகனே என்று நம்பும் பெற்றோர் மகனின் படிப்பிற்கு முதலிடம் தருவதும் இக்கணக்கின் விளைவே.

வீட்டு வேலையின் சுமை இக்கணக்கில் வெளிப்படையாகத் தெரியாத ஓர் இனமாகும். மத்திய புள்ளியியல் துறை 2019ஆம் ஆண்டு முழுவதும் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, 6 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் ஊதியமற்ற வீட்டு வேலைகளில் நாள்தோறும் ஈடுபட்ட பெண்கள் 81.2 சதவிகிதம், ஆண்கள் 26.1 சதவிகிதம். ஈடுபட்டோரிலும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும் ஆண்கள் 97 நிமிடங்களையும் இவ்வேலைகளில் செலவிட்டனர். ஏறத்தாழ ஐந்து மணி நேரம் வீட்டு வேலையில் கழியும் ஒருத்திக்குப் பாடநூலைத் திறக்கவோ தொழில் பயிலவோ எஞ்சும் நேரம் குறைவு. எனவே குடும்ப ஆதரவு என்பது பணம் கொடுப்பதோடு முடிந்து விடுவதில்லை; நேரம் ஒதுக்கித் தருவதும் அதில் அடங்கும்.

இக்கணக்கு மாறாத ஒன்றன்று. அதன் உறுப்புகளில் ஒன்று மாறினாலும் முடிவு மாறக் கூடும். கடந்த இருபது ஆண்டுகளில் நம் நாட்டின் பல பகுதிகளில் கிடைத்த அனுபவங்கள் இதை நன்கு உணர்த்துகின்றன.

பீகாரின் சைக்கிள் திட்டம்

2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது பீகாரில் ஏழு வயதிற்கு மேற்பட்ட பெண்களில் எழுத்தறிவு பெற்றோர் மூன்றில் ஒரு பங்கினரே. உயர்நிலைப் பள்ளிகள் பல கிராமங்களுக்குத் தொலைவில் இருந்தன. 2006ஆம் ஆண்டு அம்மாநில அரசு, ஒன்பதாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு மாணவிக்கும் சைக்கிள் வாங்க ரூ. 2,000 வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது.

இத்திட்டத்தின் விளைவுகளைப் பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகிய இருவரும் ஆராய்ந்தனர். 2000ஆம் ஆண்டு வரை பீகாரின் பகுதியாகவே இருந்து பின்னர் தனி மாநிலமான ஜார்க்கண்டுடனும், அதே வயது ஆண் பிள்ளைகளுடனும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த மாணவியர் எண்ணிக்கை 32 சதவிகிதம் உயர்ந்திருந்தது தெரிய வந்தது. ஆண், பெண் சேர்க்கைக்கிடையே இருந்த இடைவெளி 40 சதவிகிதம் குறைந்தது. பள்ளியிறுதித் தேர்வு எழுதிய மாணவியர் எண்ணிக்கை 18 சதவிகிதமும், தேர்ச்சி பெற்றோர் எண்ணிக்கை 12 சதவிகிதமும் உயர்ந்தன. பள்ளி மூன்று கிலோ மீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் பயன் மிகுதியாகக் காணப்பட்டது என்பது குறிப்பிடத் தக்கது.

சைக்கிள் செய்த பணி என்ன? அது பயண நேரத்தைக் குறைத்தது. அதனால் பெற்றோரின் கணக்கில் ஒரு தடை நீங்கியது. மாணவியர் கூட்டமாகச் சேர்ந்து செல்லத் தொடங்கியதால் பாதுகாப்பைப் பற்றிய அச்சம் தணிந்தது. ஊரார் கண்முன் பெண் பிள்ளைகள் சைக்கிளில் பள்ளிக்குச் செல்வது நாளடைவில் இயல்பான காட்சியாயிற்று. ஒரு குடும்பம் மட்டும் வழக்கத்தை மீறினால் அக்கம்பக்கத்தார் ஏசுவர். எல்லாக் குடும்பங்களும் ஒரே நேரத்தில் மீறினால் அதுவே வழக்கமாகி விடுகிறது. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் ஓர் அங்கமாகக் கிராமப் பெண்கள் பெருந்திரளாகச் சைக்கிள் ஓட்டக் கற்றபோதும் இதே அனுபவம் ஏற்பட்டது. மனப்பான்மையை மாற்றச் சொற்பொழிவு ஆற்றுவதை விடப் பழக்கத்தை மாற்றும் ஒரு கருவியைக் கையில் தருவது சில வேளைகளில் விரைந்து பயன் தருகிறது.

கண்ணெதிரே ஒரு முன்னுதாரணம்

1993ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம், பஞ்சாயத்துகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களையும் தலைமைப் பதவிகளையும் பெண்களுக்கு ஒதுக்கியது. இதன் நோக்கம் அரசியல் பங்கேற்பு. ஆனால் அதன் விளைவு வீடுகளுக்குள்ளும் எட்டியது. மேற்கு வங்கத்தின் வீர்பூம் மாவட்டத்தில் 495 கிராமங்களில் 11 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளிடமும் அவர்களின் பெற்றோரிடமும் நடத்தப்பெற்ற ஆய்வொன்று 2012ஆம் ஆண்டு வெளியாயிற்று. எஸ்தர் டஃப்லோ, ரோகிணி பாண்டே முதலிய அறிஞர்கள் அதில் பங்கு கொண்டனர். எந்தப் பஞ்சாயத்தில் பெண் தலைவர் என்பது சுழற்சி முறையில் தீர்மானிக்கப்பட்டதால், ஒப்பீட்டிற்கு நல்ல வாய்ப்புக் கிட்டியது.

தொடர்ந்து இரு முறை பெண் தலைமை அமைந்த கிராமங்களில், மகனுக்கும் மகளுக்கும் இடையே பெற்றோர் வைத்த எதிர்பார்ப்பின் இடைவெளி 25 சதவிகிதம் குறைந்தது. பிள்ளைகளிடையே இவ்விடைவெளி 32 சதவிகிதம் குறைந்தது. கல்வியில் ஆண், பெண் வேறுபாடு மறைந்தது; பெண் பிள்ளைகள் வீட்டு வேலைகளில் செலவிட்ட நேரமும் குறைந்தது. அக்கிராமங்களில் இளம் பெண்களுக்குப் புதிய வேலை வாய்ப்புகள் எவையும் தோன்றியதாகத் தெரியவில்லை. மாறியது ஒன்றே: தம் ஊரைச் சேர்ந்த ஒரு பெண் பஞ்சாயத்து அலுவலகத்தில் அமர்ந்து முடிவெடுப்பதைப் பெற்றோரும் பிள்ளைகளும் பல ஆண்டுகள் கண்ணால் கண்டனர். இத்தகைய மாற்றத்திற்குக் காலம் தேவை என்பதையும் இந்த ஆய்வு உணர்த்துகிறது. ஒரு முறை மட்டும் பெண் தலைமை கண்ட கிராமங்களில் இந்த அளவு விளைவு ஏற்படவில்லை.

வேலை உண்டு என்னும் செய்தி

பெற்றோரின் கணக்கை மாற்றும் மற்றொரு காரணி, படிப்பின் முடிவில் வேலை உண்டு என்ற உறுதியான செய்தி. 2000களின் தொடக்கத்தில் டில்லியைச் சுற்றித் தொலைபேசி வழிச் சேவை நிறுவனங்கள் பெருகின. ஆனால் அவற்றில் பெண்களுக்கு உள்ள வாய்ப்பைப் பற்றிக் கிராமங்கள் அறிந்திருக்கவில்லை. பொருளாதார அறிஞர் ராபர்ட் ஜென்சன் வட மாநிலங்களில் 160 கிராமங்களைத் தேர்ந்து, அவற்றில் பாதிக் கிராமங்களுக்கு மட்டும் ஆள் சேர்க்கும் முகவர்களை மூன்று ஆண்டுகள் அனுப்ப ஏற்பாடு செய்தார். முகவர்கள் வேலையின் தன்மை, தகுதி, ஊதியம் ஆகியவற்றை விளக்கினர், விண்ணப்பிக்க உதவினர். எவருக்கும் பணமோ பொருளோ வழங்கப்படவில்லை.

மூன்று ஆண்டுகளுக்குப் பின் பார்த்தபோது, முகவர் சென்ற கிராமங்களில் 15 முதல் 21 வயதுப் பெண்கள் அக்காலத்தில் மணம் புரிவதும் தாயாவதும் மற்றக் கிராமங்களை விட 5 முதல் 6 சதவிகிதப் புள்ளிகள் குறைந்திருந்தன. அவர்கள் வேலைக்கோ மேற்படிப்பிற்கோ பயிற்சிக்கோ சென்றிருந்தனர். இன்னும் வேலைக்குரிய வயதை எட்டாத சிறுமியரின் பள்ளிச் சேர்க்கை உயர்ந்தது. அவர்களின் உடல் வளர்ச்சியும் மேம்பட்டது. அதாவது, மகள் நாளை சம்பாதிக்கக் கூடும் என்று அறிந்த குடும்பம் அவளது உணவிலும் கூடுதல் அக்கறை காட்டியது. மாற்ற முடியாத பழமை என்று கருதப்பட்ட ஒன்று, சரியான செய்தி கிடைத்த மூன்றே ஆண்டுகளில் அசைந்து கொடுத்தது.

ஆண் பிள்ளைகளின் பங்கு

குடும்பத்தின் மனப்பான்மை பெற்றோரிடம் மட்டும் தங்கியிருப்பதன்று. நாளைய கணவன்மாரும் தந்தையரும் இன்று பள்ளியில் இருக்கின்றனர். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஹரியானாவில் ஆறு வயதிற்குட்பட்ட ஆண் குழந்தைகள் 1,000 பேருக்குப் பெண் குழந்தைகள் 834 பேரே இருந்தனர். அம்மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் 314 அரசுப் பள்ளிகளைக் கொண்டு ஒரு சோதனை நடத்தப்பட்டது. அவற்றுள் தேர்ந்தெடுக்கப்பட்ட பள்ளிகளில் ஏழு முதல் பத்து வரையுள்ள வகுப்புகளில் இரண்டரை ஆண்டுக் காலம் ஆண் பெண் சமத்துவம் பற்றிய வகுப்பறை விவாதங்கள் நடைபெற்றன. மாணவ மாணவியரின் கருத்துகள் குறிப்பிடத் தக்க அளவு மாறின. விவாதங்கள் முடிந்து இரண்டு ஆண்டுகள் சென்ற பின்னும் அம்மாற்றம் நிலைத்தது. மாணவர் சிலர் வீட்டு வேலைகளில் பங்கு கொள்ளத் தொடங்கினர்.

இச்சோதனையில் மற்றொரு பாடமும் உண்டு. கருத்து மாறியபின் நடத்தையை மாற்றிக் கொள்வது ஆண் பிள்ளைகளுக்கு எளிதாக இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு அத்தனை எளிதாக இல்லை. வெளியே செல்வதற்கும் மேலே படிப்பதற்கும் அவர்கள் வீட்டாரின் அனுமதியை நாட வேண்டியிருந்ததே காரணம். இளம் பெண்ணின் மனம் மாறி, வீடு மாறாவிட்டால் மாற்றம் பாதி வழியில் நின்று விடும்.

வீடு முழுவதும் ஒரே நாளில் மாற வேண்டும் என்பதும் இல்லை. ஓர் ஆதரவாளர் இருந்தாலும் போதும் என்பதற்கு நம் வரலாறு சான்று பகர்கிறது. மணமானபோது எழுதப் படிக்க அறியாதிருந்த சாவித்திரிபாய் புலே, கணவர் ஜோதிராவிடம் கல்வி பயின்று, 1848ஆம் ஆண்டு புனேயில் இருவரும் தொடங்கிய பெண்கள் பள்ளியில் ஆசிரியையானார். அதன் பொருட்டு அவ்விருவரும் பெற்றோர் இல்லத்தை விட்டு வெளியேற நேர்ந்தது. சென்னைத் தொழில் நுட்பக் கழகத்தில் சேர்வதற்கான சுமார் ஆயிரம் ரூபாயைத் திரட்ட முடியாது குடும்பம் தவித்தபோது, அப்துல் கலாமின் தமக்கை தம் தங்க நகைகளை அடகு வைத்து உதவியதைக் குடியரசுத் தலைவரான பின்னும் கலாம் நன்றியுடன் நினைவு கூர்ந்தார். இத்தகைய ஆதரவாளர் ஒவ்வொரு வீட்டிலும் தோன்றுவர் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அவர் இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியரும், விடுதியும், உதவித் தொகையும் அவ்விடத்தை நிரப்ப வேண்டும்.

ஆதரவும் அழுத்தமும்

குடும்பத்தின் அக்கறை குறைவதால் ஏற்படும் தீங்கைப் பற்றிப் பேசும்போது, அது அளவு கடப்பதால் விளையும் தீங்கையும் மறக்கலாகாது. பெற்றோர் தாம் அடைய முடியாததைப் பிள்ளை வாயிலாக அடைய எண்ணுகின்றனர். நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ ராஜஸ்தானின் கோட்டா போன்ற நகரங்களிலுள்ள நுழைவுத் தேர்வுப் பயிற்சி நிலையங்களுக்குப் பிள்ளைகளை அனுப்புகின்றனர். தியாகம் உண்மையானது. ஆனால் அத்தியாகத்தின் நினைவே பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தாங்கவொண்ணாச் சுமையாகி விடுவதுண்டு. இடங்கள் சில, போட்டியிடுவோர் பலர் என்ற நிலையில் பெரும்பாலோர் வெற்றி பெற இயலாது என்பது எளிய கணக்கு. அவ்வாறிருக்கத் தோல்விக்கு வீட்டில் இடமே இல்லையெனில் பிள்ளை எங்கே செல்வது?

தேசியக் குற்றப் பதிவு நிறுவனத்தின் அறிக்கைப்படி 2022ஆம் ஆண்டில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்து கொண்டனர். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் காரணங்கள் பல இருக்கலாம். அனைத்தையும் தேர்வின் மீதோ பெற்றோர் மீதோ சுமத்துவது முறையன்று. ஆயினும் இவ்வெண்ணிக்கை எவரையும் சிந்திக்க வைக்கும். பயிற்சி நிலையங்கள் 16 வயதிற்குட்பட்டோரைச் சேர்க்கலாகாது, பெற்றோருக்குப் பொய்யான உறுதிமொழிகள் அளிக்கலாகாது என்று மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் நெறிமுறைகள் வெளியிட்டது. மனநல உதவிக்கென 2022 அக்டோபரில் தொடங்கப்பெற்ற ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி நாடலாம்.

ஆதரவையும் அழுத்தத்தையும் வேறுபடுத்தும் உரைகல் ஒன்று உண்டு. பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு, அதற்கான வழியைக் காட்டி, முயற்சி பலிக்காத போதும் அவனை ஏற்றுக் கொள்வது ஆதரவு. விருப்பத்தையும் வழியையும் தாமே முடிவு செய்து, வெற்றியை மட்டும் ஏற்பது அழுத்தம். முதல் வகைக் குடும்பத்தில் வளர்பவனுக்குத் தோல்வி ஒரு பாடம். இரண்டாம் வகையில் அது ஒரு தீர்ப்பு.

செய்ய வேண்டுவன

இந்த அனுபவங்களிலிருந்து சில நடைமுறை முடிவுகளுக்கு வரலாம்.

முதலாவதாக, எட்டாம் வகுப்பின் முடிவையும் பத்தாம் வகுப்பின் முடிவையும் ஒவ்வொரு பள்ளியும் முக்கியக் கட்டங்களாகக் கருத வேண்டும். பிள்ளை பள்ளியை விட்ட பின் தேடிச் செல்வதை விட, அதற்கு முன்பே பெற்றோரை அழைத்து, அடுத்த படிப்பு எங்கே, செலவு என்ன, உதவித் தொகை எது என்று தெளிவாகக் கூறுவது எளிது, சிக்கனமானதும் ஆகும்.

இரண்டாவதாக, தொலைவும் பாதுகாப்பும் பெற்றோரின் கணக்கில் முதலிடம் பெறுவதால், சைக்கிள், பேருந்து, விடுதி ஆகியவற்றைக் கல்விச் செலவின் பகுதியாகவே கருத வேண்டும். 2004ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா உறைவிடப் பள்ளிகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை உயர்த்த 2018ஆம் ஆண்டின் சமக்ர சிக்ஷா திட்டம் வழி செய்தது. பாதை பிரியும் வயதை அப்பள்ளிகள் கடக்கச் செய்வது இன்றியமையாதது.

மூன்றாவதாக, வேலை வாய்ப்புப் பற்றிய செய்தி இளைஞருக்கு மட்டுமின்றிப் பெற்றோருக்கும் எட்ட வேண்டும். பயிற்சி நிலையத்தைப் பெற்றோர் நேரில் காணவும், முன்னர் பயிற்சி பெற்று அதே வட்டாரத்திலிருந்து வேலைக்குச் சென்றவரோடு பேசவும் வாய்ப்பளித்தால், வேலை கிடைத்த பின் பெண்ணைத் திரும்ப அழைத்துக் கொள்ளும் நிகழ்ச்சிகள் குறையும்.

நான்காவதாக, தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் சுய உதவிக் குழுக்களில் 10 கோடிக்கு மேற்பட்ட பெண்கள் இணைந்துள்ளனர். அவர்களில் பெரும்பாலோர் தாய்மார்கள். சேமிப்பும் கடனும் பேசப்படும் அதே கூட்டத்தில் பிள்ளைகளின் படிப்பும் திருமண வயதும் பேசப்படுமானால், ஒரு தாய் தனித்து எடுக்கத் தயங்கும் முடிவைப் பத்துத் தாய்மார் சேர்ந்து எடுப்பர்.

மாறி வரும் குடும்பம்

இந்தியக் குடும்பம் மாறாது என்று கூறுவோருக்குப் புள்ளி விவரங்களே மறுமொழி தருகின்றன. 20 முதல் 24 வயதுப் பெண்களில் 18 வயது நிறையுமுன் மணம் முடித்தவர்கள், தேசியக் குடும்ப நல ஆய்வுகளின்படி 2005-06இல் 47.4 சதவிகிதம், 2015-16இல் 26.8 சதவிகிதம், 2019-21இல் 23.3 சதவிகிதம். உயர் கல்வியில் 2021-22ஆம் ஆண்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் பெண்களுக்கு 28.5, ஆண்களுக்கு 28.3. ஒரு தலைமுறைக்கு முன் எண்ணிப் பார்க்க இயலாத மாற்றம் இது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் இதற்குத் துணை நின்றது. ஆனால் ஒவ்வொரு திருமணத்தையும் தள்ளி வைத்தது ஏதோ ஒரு குடும்பத்தின் முடிவே.

எனினும் வழி இன்னும் நெடியது. 2005-06க்கும் 2015-16க்கும் இடையே காணப்பட்ட வேகம் பின்னர் தளர்ந்துள்ளது. 15 வயதிற்கு மேற்பட்ட பெண்களில் தொழிலாளர் தொகுதியில் இருப்போர் 2017-18இல் 23.3 சதவிகிதமாக இருந்து 2023-24இல் 41.7 சதவிகிதமாக உயர்ந்த போதிலும், இவ்வுயர்வின் பெரும் பகுதி கிராமப்புறச் சுய தொழிலிலும், குடும்பத் தொழிலில் ஊதியமின்றி உதவுவதிலும் ஏற்பட்டதாகும். கல்லூரியின் வாயிலைத் திறந்து விட்ட குடும்பம் அலுவலகத்தின் வாயிலையும் தொழிற்சாலையின் வாயிலையும் திறக்க இன்னும் தயங்குகிறது. அத்தயக்கத்திற்கும் காரணங்கள் உண்டு. தகுந்த வேலை, பாதுகாப்பான பயணம், குழந்தைகளைப் பார்த்துக் கொள்ளும் ஏற்பாடு ஆகியவை அமைந்தால் அதுவும் குறையும்.

இளைஞரின் மனத்தில் எழும் எண்ணம் வித்து எனில், குடும்பம் அது முளைக்கும் மண். வித்தைக் குறை கூறியோ மண்ணைக் குறை கூறியோ பயனில்லை. நீர் பாய்ச்சுவது அரசு, ஆசிரியர், ஊரார் ஆகிய அனைவரின் கடமை. 14 வயதில் பள்ளி வாயிலில் நிற்கும் பிள்ளையைப் பற்றி வீட்டில் எடுக்கப்படும் முடிவு நாட்டின் நாற்பதாண்டுக்கால உழைப்புத் திறனைப் பற்றிய முடிவுமாகும் என்பதை உணர்ந்து செயல்படுவோமாயின், தீட்டும் திட்டங்கள் உரியவரைச் சென்றடையும்.